களவு என்று எழுதாத சரகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், மூன்று வருடம் கப்பலில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினேன். திரும்பிய மறுநாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். வடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஜெர்மனியில் களவு உண்டா என்பது. பனி எப்படி, சாப்பாடு எப்படி, பெண்கள் எப்படி என்று கேட்பார்கள் என நினைத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவை வீணாகிவிட்டன.

கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் கடையில் தண்ணீர் டம்ளரைப் பானையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். கல்லாப் பெட்டியை ஸ்டூலோடும் ஸ்டூலைத் தூணோடும் கட்டியிருந்தார். மில் வேலைக்குப் போகிற ஒருவர் சைக்கிளைப் பூட்டினார். அது போதாதென்று டயரில் காற்றை அடைத்து நிறுத்துகிற வால்டியூபையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கழற்றிய செருப்பின்மேல் காலை ஊன்றியபடியே டீ குடித்தார்கள். இது கெட்ட ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இப்படி இருப்பதுதான் ஊர் என்று பழகிவிட்டது.

"களவு இல்லாத ஊரு உண்டா அண்ணாச்சி? என் கம்பளிக் கோட்டையே அடிச்சிட்டான்" என்றேன்.

"பொறவு?"

எண்ணெய்ச் சட்டியில் கரண்டி நின்றது. பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனை முகங்களைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் பேச ஆரம்பித்தது.

"பொறவு என்ன, போலீஸ்ட்ட சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள தேச்சு மடிச்சுக் கொண்டாந்து குடுத்தான்."

"தேச்சா?"

"ஒரு பித்தான் விட்டுப்போயிருந்துது. அதையும் தச்சுக் குடுத்து, சல்யூட் அடிச்சிட்டுப் போறான்."

"ஒமக்கா?"

"பின்ன யாருக்கு?"

"அந்தக் கோட்டு எங்க?"

"இந்த வெயில்ல கோட்டு என்னத்துக்கு? பம்பாயிலயே வித்துட்டேன்."

"சல்யூட்டையும் வித்துட்டீராக்கும்" என்றார் சைக்கிள்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் நம்பினார்கள். வெளிநாட்டுப் பொய்க்கு எங்கள் பக்கம் அந்த மரியாதை உண்டு.

நடந்தது வேறு. கப்பல் பழுது பார்க்க ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றது. மாசி மாதக் குளிர். கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில் எனக்கு ஒரு கட்டிலும், வெளியே போக ஒரு பழைய கம்பளிக் கோட்டும் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் சாராயக் கடைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி வாசல் பக்கத்து ஆணியில் மாட்டுவார்கள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது பயித்தியக்கார ஊர் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் நானும் மாட்டினேன். மூன்றாம் வாரம் திரும்பிப் பார்த்தால் ஆணி மட்டும் இருந்தது.

திருட்டுக் கொடுத்தவன் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கரிசல் காட்டில் மாடு போனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. திருடனுக்கும் மாட்டுக்காரனுக்கும் நடுவே ஒரு தரகர் இருப்பார். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆளாகத்தான் இருப்பார். அவரிடம் போய், "மாடு வழி தவறிப் போச்சு, உங்க பக்கம் ஏதும் வந்துதா?" என்று பணிவாகக் கேட்கவேண்டும். களவு என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது. அவரும் ஒன்றும் தெரியாதவர் போல நிறம் கேட்பார், கொம்பு கேட்பார், விசாரித்துப் பார்க்கிறேன் என்பார். துப்புக்கூலி கைமாறியதும் இன்ன ஓடையில் இன்ன மரத்தடியில் நிற்பதாகக் கேள்வி என்பார். போய் அவிழ்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். எட்டு நாள் கெடு. அதற்குள் வராவிட்டால் மாடு மேற்கே மலையடிவாரச் சந்தைக்குப் போய்விடும்.

அதே முறைப்படி ஹாம்பர்க் சாராயக் கடை முதலாளியிடம் போனேன். என் கப்பல் இங்கிலீஷில், கோட்டு ஒன்று வழி தவறி இந்தப் பக்கம் வந்ததா, கண்டுபிடித்த நல்லவருக்கு டீச்செலவுக்கு ஏதாவது செய்கிறேன் என்றேன். அவன் மூன்று முறை திரும்பக் கேட்டான். நான்காம் முறை புரிந்தது. அவனைத் திருடனின் கூட்டாளி என்கிறேன் என்று புரிந்தது. முகம் தக்காளிப் பழமாகிப் போலீசைக் கூப்பிட்டான்.

இரண்டு பேர் வந்தார்கள். கவிழ்த்த மரக்கால் போலத் தொப்பி. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்தியப் போலீஸ் எதுவும் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. டைப் அடிக்கிறவன் கேட்டான். கோட்டின் நிறம் என்ன, உள்துணி என்ன, பித்தான் எத்தனை, எத்தனையாவது பித்தான் இல்லை, எந்த ஆணியில் மாட்டினாய், வாசலிலிருந்து அந்த ஆணி எத்தனையாவது? இரண்டு மணி நேரம் எழுதி, முத்திரை குத்தி, ஒரு நகலை என் கையில் கொடுத்தார்கள். அதன்பின் தினமும் காலையில் போய் நின்றேன். தினமும் நாற்காலி கொடுத்தார்கள். கோட்டு கிடைக்கவில்லை. கப்பல் கிளம்புகிறவரை இரண்டு பனியனுக்கு நடுவே பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு நடந்தேன்.

இந்தக் கதையை டீக்கடையில் சொல்லியிருந்தால் எனக்குக் கிடைப்பது இரக்கம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு மணி நேர நடை. நான் போய்ச் சேருவதற்கு முன்பே என் கோட்டும் பித்தானும் போய்ச் சேர்ந்திருந்தன. அக்காள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சல்யூட் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் கரிசல் நிலம், ஒரு ஜோடிக் காளை. உழவுக்கு மட்டும் ஆள் வைத்து, மற்றதையெல்லாம் அவளே பார்த்தாள். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, லாரி துடைத்து, கப்பலேறி ஓடிப்போன தம்பி கடைசியில் ஒரு விஷயத்துக்குப் பயன்பட்டான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

புரட்டாசி பிறந்த நாலாம் நாள் காலையில் தொழுவில் ஒரு காளைதான் நின்றது. சாம்பல் நிறத்து மயிலைக் காளையைக் காணோம். கட்டியிருந்த இடத்தில் அறுத்த கயிறு கிடந்தது.

என்ன போயிற்று என்பதை விளங்கச் சொல்லவேண்டும். கரிசல் மண் வெயிலில் வெடித்துக் கிடக்கும். முதல் மழை விழுந்தால் நாலைந்து நாள் விதைக்கப் பதமாக இருக்கும். அந்த நாலைந்து நாளில் ஊரில் ஒவ்வொரு ஏரும் ஓடும். இரவல் மாடு தர யாருக்கும் கை வராது. அதில் விதைக்காவிட்டால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. அடுத்த புரட்டாசி வரை அக்காள் வீட்டில் அடுப்பெரிவது பிறர் தயவு. மழை அநேகமாகப் பத்து நாளில் வரும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"தரகரப் போய்ப் பாப்போம்க்கா. எட்டு நாளுதான் கெடு" என்றேன்.

"என் மாட்ட அவுத்தவனுக்கு நானே கூலி குடுக்கணுமா? வழி தவறிப்போச்சுன்னு நானே பொய் சொல்லணுமா? அதுக்கு மாடு போனது போனதாவே இருக்கட்டும்."

"முறை அப்படித்தானக்கா."

"களவாணிப் பய முறை. நீ எதுக்கு இருக்க? வெள்ளக்காரப் போலீஸையே பித்தான் தைக்க வச்சவன். இங்கன ஒரு ஏட்டய்யாட்ட வேல வாங்க முடியாதாலே?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

எங்கள் சரகத்து ஸ்டேஷன் ரோட்டோரம் ஒரு ஓட்டுக் கட்டடம். எது என்று எழுதப்போவதில்லை, அந்த ஏட்டய்யாவுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர் மேஜைமேல் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"களவாண்டத நீ பாத்தியாவே?"

"பாக்கல ஏட்டய்யா."

"பின்ன களவுன்னு எப்படிச் சொல்லுத? மாட்டுக்கு நாலு காலு இருக்கு. நடந்து போயிருக்கும்."

"கயிறு அறுந்து கெடக்கு."

"நல்ல மாடுன்னா கயித்த அறுக்கத்தான் செய்யும்."

"கத்தியால அறுத்திருக்கு ஏட்டய்யா."

அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைக் காட்டினார். மாதவாரியாகக் கட்டம் போட்டிருந்தது. களவு என்ற வரிசையில் எல்லாக் கட்டத்திலும் சுழியம். சாக்குக்கட்டியால் போட்டதுதான், ஆனால் பெயிண்டால் எழுதியது போல அழியாமல் இருந்தது.

"இந்தச் சுழியத்தப் பாத்தியா? இன்ஸ்பெக்டர் அய்யா வந்து பாத்து மெச்சிட்டுப் போன சுழியம். ஒங்க அக்கா மாட்டுக்காக இத அழிக்கச் சொல்லுதியா?"

"நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன். ஜெர்மனியில பித்தானக்கூட எழுதிக்கிடுவாங்க."

"ஓகோ. அந்தக் கோட்டுக்காரன் நீதானா?" அவர் உட்கார்ந்தபடியே எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள். "எழுதிக் குடு, வேண்டாங்கல. போற வழியில அந்தப் புண்ணாக்குக் கடைக்காரரையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ. விஷயம் தெரிஞ்ச மனுசன்."

சரகத்தில் மாடு போனால் எந்தத் தரகரிடம் போகவேண்டும் என்பது ஏட்டய்யாவுக்கும் தெரியும். வீம்புக்குக் களவு என்று கொட்டை எழுத்தில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அக்காளிடம் எழுதிக்கொண்டார்கள் என்றேன். நாற்காலி போட்டார்களா என்று கேட்டாள். போட்டார்கள் என்றேன்.

மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் போனேன். என் காகிதத்தின்மேல் டீ டம்ளர் வைத்த வட்டம் விழுந்திருந்தது. வேறு முன்னேற்றம் இல்லை. ஆறாம் நாள் கிழக்கே மேகம் கூடியது. ஊரில் கலப்பைக்குக் கொழு தட்டும் சத்தம் கேட்டது. அக்காள் விதைக் கம்பைப் புடைத்து முடித்து, ஒற்றைக் காளைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.  அன்று அவளிடம் சொல்லாமல் புண்ணாக்குக் கடைக்குப் போனேன்.

ஊரெல்லாம் மாடுகளுக்குத் தீனி விற்பவர் அவர். மாடு காணாமல் போன நாட்களிலும் யாரோ அவரிடம் அதற்குத் தீனி வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

"வாங்க தம்பி, கப்பல்காரர்" என்றார்.

"எங்க அக்கா மாடு வழி தவறிப் போச்சு அண்ணாச்சி. உங்க பக்கம் ஏதும் வந்துதா?"

"அப்படியா? களவு போச்சுன்னுலா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு சொன்னாவ."

"அது தெரியாம எழுதிட்டேன்."

"களவு போன மாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் யாவாரி. வழி தவறுன மாடுன்னா நாலு பேர்ட்ட விசாரிக்கலாம். மொதல்ல அங்கன போயி, மாடு தவறித்தான் போச்சுன்னு சரியா எழுதிக் குடுத்துட்டு வாங்க. நாளைக்கு ஒங்க அக்காவையும் கூட்டியாங்க. மாட்டுக்காரவிய வாயால கேக்கணும். அதான் மரியாத."

ஸ்டேஷனில் ஏட்டய்யா எனக்காகக் காத்திருந்தவர் போலத் தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காளை தானே கயிற்றை அறுத்துக்கொண்டு மேயப் போய்விட்டது, நான் அவசரப்பட்டு மேற்படி மனுவைக் கொடுத்துவிட்டேன், போலீசார் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி. நன்றி என்பதற்கு அடிக்கோடு போடச் சொன்னார். பழைய காகிதத்தை நாலாகக் கிழித்து, கடலைத் தோலோடு சேர்த்து அள்ளிப் போட்டார்.

"ஆறு நாளையில கேஸ் முடிஞ்சுது. ஒங்க ஜெர்மனியில இம்புட்டு வெரசா முடியுமாவே?"

"முடியாது ஏட்டய்யா" என்றேன். அன்று அந்த ஸ்டேஷனில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

திரும்பி நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹாம்பர்க்கில் போன கோட்டையும் குடையையும் விடாமல் எழுதிவைக்கிறார்கள். அந்தக் காகிதங்களைப் புரட்டுகிறவனுக்கு அது திருடர்கள் கூடிக் குடியிருக்கிற பட்டணமாகத் தெரியும். எங்கள் சரகத்துக் காகிதத்தைப் புரட்டினால் கதவில்லாமல் தூங்கலாம் என்று தோன்றும். மாடுகள்தான் கொஞ்சம் நடமாட்டக் குணம் உள்ளவை.

ஏழாம் நாள் அக்காளைக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். மேகத்தைப் பார்த்தாள், புறப்பட்டாள். 

கடைக்காரர் அவளுக்குச் சாக்கு விரித்து உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"ஒங்க தம்பி பெரிய ஆளாச்சே தாயி. ஜெர்மன் போலீஸ் பித்தான் தச்சுக் குடுத்தான்னு கேள்விப்பட்டேன். அவனுக்கு ஒரு தந்தி அடிச்சிருந்தா மாட்டக் குளிப்பாட்டிக் கொண்டாந்து விட்டிருப்பானே."

அக்காள் என் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தில் அடித்தாற்போல நான் ஒரு பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றாள். அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

"பித்தானும் தைக்கல, ஒண்ணும் தைக்கலக்கா. கோட்டு கெடைக்கவே இல்ல. ஒரு காயிதம் குடுத்தாங்க, அவ்வளவுதான். நான் சும்மா சொன்னேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.  அக்காள் அவரைப் பார்க்காமல் தராசைப் பார்த்துச் சொன்னாள்:

"என் மாடு வழி தவறிப் போச்சு. உங்க பக்கம் வந்துதா?"

மனப்பாடம் செய்த பிள்ளை வாத்தியாரிடம் ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"என்ன நெறம் தாயி?"

"மயிலை."

"கொம்பு?"

"ஒங்களுக்குத் தெரியாத கொம்பா?"

அவர் அதைக் காதில் வாங்காதது போல என்னைப் பார்த்தார். ஹாம்பர்க்கில் வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். கையில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. காதருகே வைத்துக் கேட்டார், திருப்பிப் பார்த்தார், அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"இது களவு மால் ஒண்ணும் இல்லையே தம்பி? பின்னால வம்பு வந்துறப்படாது."

"இல்ல அண்ணாச்சி. காசு குடுத்து வாங்குனது."

"அப்பச் சரி. வடக்குக் கம்மாய்க் கரைக்கு அங்கிட்டு, உடங்காட்டுக்குள்ள ஒரு மயிலை நிக்கிதுன்னு யாரோ சொன்னாவ. போய்ப் பாருங்க, ஒங்களதா இருந்தாலும் இருக்கும்."

எங்களதாகத்தான் இருந்தது. உடைமரத்து நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. முன்னால் பருத்திவிதைச் சக்கை. எங்கள் வீட்டில் தின்றதைவிட நன்றாகத் தின்று, வயிறு திரண்டிருந்தது. கழுத்தில் முறுக்குக் குலையாத புதுக் கயிறு. அக்காளைக் கண்டதும் எழுந்து வந்து அவள் தோளை முகர்ந்தது. அவள் அதன் நெற்றியில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, அப்புறம் அதே இடத்தைத் தடவினாள்.

பாதி வழி வந்தபின் பேசினாள்.

"கோட்டு இல்லாம அந்தக் குளிர்ல என்னலே செஞ்ச?"

"பேப்பரச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டேன்."

"அதச் சொல்ல வேண்டியதுதான? ஏழு நாளு போச்சு."

 திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் மதியம் மழை இறங்கியது. வெடிப்பெல்லாம் நிறைந்து மண் பொங்கியது. பதம் வந்ததும் நான் ஏர் பிடித்தேன், அக்காள் பின்னால் விதைத்து வந்தாள். உழவுக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை, கடிகாரம் இல்லாத கை கலப்பைக்கு வசதியாக இருந்தது. நாலு நாளில் நிலம் முழுவதும் விதைப்பு முடிந்தது.

முடிந்த அன்று அக்காள் மயிலையின் கழுத்திலிருந்து அந்தப் புதுக் கயிற்றை அவிழ்த்து, எங்கள் பழைய கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். புதுக் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய் அவியகிட்ட குடுத்துட்டு வா. அடுத்தவன் பொருள் எனக்கு எதுக்கு?"

கரிசல் சேறு செருப்பில் அப்பி, காலுக்கு ஒரு படி மண் ஒட்ட, மற்ற நாளில் ஒரு மணி நேரமாகிற நடையை இரண்டு மணி நேரமாக நடந்து புண்ணாக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கயிற்றை வாங்கி விரித்துப் பார்த்தார். மழையில் நனைந்தும் முறுக்கு விடவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. உள்சுவரில் ஒரு முளை அடித்திருந்தது. அதில் ஏற்கெனவே வேறு கயிறுகள் தொங்கின. அவற்றோடு இதையும் மாட்டினார்.

"அக்காவுக்கு நல்ல மனசு. கெடக்கட்டும், யாருக்காவது ஆகும்" என்றார்.